சொந்த வேலையாக வந்தவர்

மார்ச் 31

காலை ஏழு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன். இவர் நைட் ஷிப்ட் முடித்து சிப்காட்டிலிருந்து வந்து, பழைய சோறு சாப்பிட்டுப் படுத்துவிட்டார். சட்டையில் அந்தக் கெமிக்கல் வாடை. ரெண்டு தடவை அலசியும் போகவில்லை.

இன்றோடு காண்ட்ராக்ட் முடிகிறது. நாளை பிரேக். நாளை மறுநாள் புது ஆர்டர். வருஷா வருஷம் இதே கூத்துதான். நடுவில் ஒரு நாள் வெட்டிவிட்டால், "தொடர்ந்து வேலை பார்த்தேன், பர்மனென்ட் பண்ணு" என்று நாங்கள் யாரும் கேட்க முடியாதாம். எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ. நாளைக்கு நான் லேப் டெக்னீஷியன் கிடையாது. குமாருக்குப் பெண்டாட்டி, அவ்வளவுதான்.

ஆனால் காய்ச்சல்காரர்களுக்கு பிரேக் கிடையாதே! ரத்தம் கொடுக்க வரிசை அப்படியே நிற்கும். எங்கள் கவர்மென்ட் ஆஸ்பத்திரி லேபில் பர்மனென்ட் என்றால் பாஸ்கர் அண்ணன் ஒருத்தர்தான். நானும் ஸ்டெல்லா அக்காவும் காண்ட்ராக்ட். ஒரே ஆள் எத்தனை கையைக் குத்துவார்? அதனால் பிரேக் அன்றும் நாங்கள் போவோம். சம்பளம் கிடையாது. யாரும் வா என்று சொல்வதில்லை, வராதே என்றும் சொல்வதில்லை.

நாளைக்கு ஞாபகம் வைக்க வேண்டியது:
– மெயின் கேட் கூடாது. சைக்கிள் ஸ்டாண்டு வழி.
– வருகைப்பதிவு மெஷினில் முகம் காட்டக் கூடாது.
– வெள்ளைக் கோட்டு கூடாது, ஐ.டி. கார்டு கூடாது.
– ரிப்போர்ட் எல்லாம் பா. அண்ணன் கையெழுத்தில்.
– ஆடிட், கீடிட் என்று யாராவது வந்து கேட்டால்: "சொந்த வேலையா வந்தேன்."

இந்தக் கடைசி வசனத்துக்கு அக்கா வருஷா வருஷம் ஒத்திகை வைப்பாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சொந்த வேலையா வந்தேனுங்க" என்று அவள் இழுக்கிற இழுப்பில் பா. அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடும். இன்று சாயங்காலமும் நடந்தது. அண்ணனையும் சொல்ல வைத்தாள். "உங்கள கேட்டா இன்னா சொல்லுவீங்க?" "அவுங்க சொந்த வேலையா வந்திருக்காங்க சார்." "கரெக்ட்டு. பாஸ்."

நான் சேர்ந்து பதினோரு வருஷம். அக்கா எனக்கு முன்னாலேயே. ஒவ்வொரு ஏப்ரலிலும் ரெண்டு பேரும் ஃப்ரெஷர். அதே ஸ்டூல், அதே மைக்ராஸ்கோப்பு, அதே ரத்தம். பா. அண்ணனின் ஒரு மாதச் சம்பளத்தை நாங்கள் பார்க்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அண்ணனைக் குறை சொல்லவில்லை. தங்கமான மனுஷன். போன தடவை பர்மனென்ட் போஸ்டுக்கு ஆள் எடுத்தபோது அனுபவத்துக்கு மார்க் உண்டு என்றார்கள். அக்கா சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஓடினாள். தொடர்ச்சியான அனுபவமாக இருக்க வேண்டுமாம், நடுவில் பிரேக் இருக்கிறதாம். பிரேக் விட்டது யார்? நாங்களா?

துவரம் பருப்பு, பினாயில், இவருக்கு லுங்கி.


ஏப்ரல் 1

மதியம். லேபில் உட்கார்ந்து எழுதுகிறேன். வயிறு முட்ட சாப்பாடு, கண் சொருகுகிறது.

பிரேக் நாள் என்றால் பா. அண்ணன் வீட்டுச் சாப்பாடு. அவரால் முடிந்த பரிகாரம். அக்காவுக்குத் தவக்காலம், கவுச்சி தொடமாட்டாள் என்று அண்ணி கேட்டு வைத்துக்கொண்டு முருங்கைக்காய் சாம்பார், வாழைப்பூ வடை, பாயசம். காலையில் நான் மஞ்சள் சேலை, அக்கா மயில் பச்சை, தலை நிறைய மல்லிகை. அண்ணன் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கல்யாணத்துக்கா வந்தீங்க?" அக்கா சும்மா இருப்பாளா? "ஆமாண்ணே, மொய் வைக்க வந்தோம். நீங்கதான் நோட்டுல பேரு எழுதமாட்டேன்றீங்க."

அவளுக்கு வாய்த்த வாய். என் கல்யாணம் திருவந்திபுரத்தில் நடந்தபோது, ஒரே முகூர்த்தத்தில் மலை மேல் எத்தனையோ ஜோடி. அக்கா தவறிப்போய் வேறு யாரோ கல்யாணத்துப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, அந்தப் பொண்ணுக்கு ஆசீர்வாதமும் பண்ணிவிட்டு என்னைத் தேடி வந்தாள். "அங்க கேசரி நல்லா இருந்துச்சிடி மலரு" என்றாள்.

இன்று ஒரு சின்னத் தப்பு. பழக்க தோஷத்தில் அக்கா ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அண்ணன் பதறி, "ஸ்டெல்லா, கழட்டு கழட்டு, எவனாச்சும் போட்டோ எடுத்துத் தொலைக்கப் போறான்" என்று வாங்கி டிராயரில் போட்டார்.

கடலூர் பெரிய லேபுக்கு சாம்பிள் பெட்டி போக வேண்டும். கொண்டு போகிற ஆள் வரவில்லை. அண்ணன் நகர முடியாது, ரெக்கார்டுபடி இன்று லேபில் இருப்பதே அவர் ஒருத்தர். அக்கா எழுந்தாள். "குடுங்கண்ணே, நான் போறேன். வரும்போது ஜென்சிக்கு வெள்ளை ஷூவும் வாங்கியாந்துடறேன்." ஜென்சி அவள் மகள். நர்சிங் கடைசி வருஷம். அப்பன்காரன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். இவள் ஒண்டியாக வளர்த்த பொண்ணு.

பெட்டியில் அண்ணன் பெயர், அண்ணன் போன் நம்பர். ஐஸ் நிரப்பிய பெட்டி நல்ல கனம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு போகாதே, ஆட்டோ பிடி என்றேன். "ஆட்டோவுக்கு யாரு உங்கொப்பனா குடுப்பாரு?" என்று சொல்லிவிட்டுச் சைக்கிள் ஸ்டாண்டு வழியாகப் போனாள்.

சாயங்காலம். அக்கா போன் எடுக்கவில்லை. சிப்காட் வாடை வீசும் செம்மங்குப்பம் தாண்டினால் போன் பண்ணி, "மூக்கைப் பொத்திக்கினேன்" என்று எப்போதும் சொல்வாளே. சார்ஜ் இல்லையோ என்னவோ.


ஏப்ரல் 3

புதைத்தாகிவிட்டது. கடலூர் முதுநகரில், அவள் அப்பா அம்மா பக்கத்தில்.

எழுத வரவில்லை.


ஏப்ரல் 4

எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. வேறு யாரிடம் சொல்வது.

பெரிய லேபில் மாடிப்படி. பாதி ஏறியவள் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். பிறகு சாய்ந்திருக்கிறாள். ஹார்ட். தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள், கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கிறது. கழுத்தில் கார்டு இல்லை. "பெயர் தெரியாத பெண்" என்று எழுதிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலேயே காலம் தள்ளியவள், ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாதவள். அய்யோ அக்கா!

பெட்டியில் இருந்த நம்பரைப் பார்த்து போலீஸ்காரர் பா. அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார். ஒரு பொம்பளை மயக்கமாகிவிட்டாள், பச்சைச் சேலை, உங்க ஆளா, டூட்டியில் வந்தாங்களா என்று கேட்டிருக்கிறார். அண்ணன் வாயிலிருந்து வந்தது என்ன? "எங்க லேப்ல இருந்தவங்கதான் சார். டூட்டி இல்ல. சொந்த வேலையா வந்திருக்காங்க."

முந்தின நாள் அக்கா ஒத்திகை வைத்த அதே வசனம்.

கல்லறைத் தோட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் அழுத அழுகை. "செத்துட்டாங்கன்னு அவன் சொல்லல மலரு. மயக்கம்னுதான் சொன்னான். போலீஸ்னு சொன்னதும் வாய் பழக்கத்துல வந்துடுச்சி." நம்புகிறேன். என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். எங்கள் மூணு பேருக்கும் அது தூக்கத்தில்கூட வரும்.

போலீஸ் காகிதத்தில் அப்படியே ஏறிவிட்டது: சொந்த வேலையாகக் கடலூர் வந்தவர்.

மண் தள்ளி முடிக்கவில்லை, அக்காவின் சித்தப்பா மகன் ஒருத்தன் ஜென்சி காது கேட்க கேட்கிறான்: "லீவு நாள்ல, தலையில பூ வச்சிக்கினு, ஒண்டியா கடலூர்ல இன்னா சொந்த வேலை?" செருப்பால் அடித்திருப்பேன். இவர் என் தோளைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். ஜென்சி அவனை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.


ஏப்ரல் 7

பால் திரிந்துவிட்டது. தலைவலி.

புது ஆர்டர் போட்டிருக்கிறார்கள், 2ஆம் தேதியிலிருந்து. என் பெயர் இருக்கிறது. அதற்கு மேல் வரியில் அக்கா பெயரும் இருக்கிறது. செத்தவளுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

ஜென்சியைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் கிளார்க்கைப் பார்த்தேன். காண்ட்ராக்டில் இருக்கிறவர் இறந்தால் குடும்பத்துக்கு உதவி நிதி உண்டு. கிளார்க் நல்ல விதமாகத்தான் பேசினார். "31ஆம் தேதி போயிருந்தா உண்டும்மா. 2ஆம் தேதி போயிருந்தாலும் உண்டு. ஒண்ணாம் தேதி அவுங்க ஆர்டர்லயே இல்லையே, நான் இன்னா பண்ணட்டும்?" அன்று வேலைதான் பார்த்தார்கள் என்று நிரூபித்தால் மேலே எழுதிப் பார்க்கலாமாம். யார் நிரூபிப்பது? பெட்டியைக் கொடுத்தவர். பா. அண்ணன்.

வெளியே வந்ததும் ஜென்சி சொன்னாள். "நிதி வந்தா வருது, வராட்டி போவுது அத்தை. அந்தச் சொந்த வேலைன்றத மட்டும் எடுக்கச் சொல்லுங்க. எங்கம்மா வேலைக்குத்தான் போனாங்கன்னு யாராச்சும் ஒருத்தர் எழுதிக் குடுங்க. போதும்."

அந்தப் பொண்ணு என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.


ஏப்ரல் 9

லேபில் அக்காவின் ஸ்டூல் காலி. அதில் யாரோ டப்பாவை வைத்திருந்தார்கள். எடுத்துக் கீழே வைத்தேன்.

பா. அண்ணனிடம் நேராகவே கேட்டேன். ஜென்சி மனு கொடுத்திருக்கிறாள், விசாரணைக்கு ஆபீஸர் வரச்சொல்லுவார், உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். ரொம்ப நேரம் ஸ்லைடைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குள்ள பயம் எனக்கும் தெரியும். அக்காவைத் தான்தான் அனுப்பியதாக அவர் சொன்னால், பிரேக் நாளில் எங்களை வைத்து வேலை வாங்கி, அத்தனை வருஷமும் எங்கள் ரிப்போர்ட்டில் தன் கையெழுத்தைப் போட்டதும் சேர்ந்து வெளியே வரும். மெமோ கொடுப்பார்கள். அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். பென்ஷனை நிறுத்தி வைத்துவிட்டால் போச்சு. உத்தரவு போட்டவன், பிரேக் விட்டவன் எவனும் மாட்டமாட்டான். மாட்டுவது அண்ணன்தான்.

கடைசியில், "சொல்லிடறேம்மா" என்றார். "ஸ்டெல்லா எனக்குக் கூடப் பொறக்காத தங்கச்சி. சொல்லிடறேன்."

சாயங்காலம் ஜென்சிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். இன்றுதான் கொஞ்சம் சோறு இறங்கியது.


ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. வேப்பம்பூ பச்சடி வைத்தேன். இவர், "கசப்பு ஜாஸ்தி" என்றார். இருக்கட்டும் என்றேன்.

இவரும் காண்ட்ராக்ட்தான், கெமிக்கல் கம்பெனியில். "கம்பெனிக்காரன் பண்றான்னா அவன் லாபம் பாக்கறவன். சர்க்காருக்கு இன்னாடி லாபம் இதுல?" என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்தால் சொல்லமாட்டேனா?


ஏப்ரல் 22

கடலூரில் விசாரணை. காலையில் பஸ்ஸில் நான், ஜென்சி, முன் சீட்டில் பா. அண்ணன். செம்மங்குப்பத்தில் ஜென்சி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அம்மாவைப் போலவே ரெண்டு கையாலும்.

ஆபீஸர் வயசு குறைந்தவர். மரியாதையாகத்தான் பேசினார். ஜென்சியை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முதலில் அண்ணனைக் கேட்டார். கதவு திறந்தே இருந்தது. வராந்தாவில் நின்ற எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பெட்டி எப்படி அவுங்க கைக்குப் போச்சு?"

அண்ணன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "அவுங்க அன்னைக்கி மதியம் சும்மா எங்கள பாத்துட்டுப் போவ வந்தாங்க சார். பொண்ணுக்கு வெள்ளை ஷூ வாங்க கடலூர் போறேன்னாங்க. எப்படியும் போறீங்களே, இதையும் குடுத்துடுங்கன்னு ஒரு ஒத்தாசைக்குக் குடுத்து வுட்டேன். அது என் தப்புதான் சார்."

ஷூ. அந்த ஷூவைப் போய்ப் பிடித்துக்கொண்டார்.

ஜென்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு ஷூ வாங்கவா அத்தை போனாங்க?" அந்த முகத்தை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். இல்லடி கண்ணு, இல்லடி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அடுத்தது நான். காலையில் மூணு பேரும் ஒன்றாகத்தான் வேலை பார்த்தோம், அக்காவை அனுப்பியது லேப் வேலைக்கு, ஷூ திரும்பி வருகிற வழியில்தான் என்றேன். ஆபீஸர் வருகைப்பதிவைப் புரட்டினார்.

"ஒண்ணாம் தேதி நீங்களே அங்க இல்லையேம்மா."

"இருந்தேன் சார்."

"எந்தப் பதவியில இருந்தீங்க?"

செத்தவளுக்குச் சாட்சி சொல்ல வந்தவளும் அன்றைக்கு இல்லாதவள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அன்னைக்கி ரத்தம் குடுத்தாங்களே ஜனங்க, அவுங்கள கூப்ட்டு கேளுங்க சார். மஞ்சச் சேலை கட்ன பொம்பள குத்துனாளா இல்லையான்னு கேளுங்க. ஒரு பிரேக் இல்ல, எல்லா பிரேக்லயும் வந்தேன். நாங்க வராம ஒரு ஆளு அத்தன பேருக்கும் ரிப்போர்ட் குடுக்க முடியுமான்னு நீங்களே கணக்கு போடுங்க."

"அப்ப ஆர்டர் இல்லாம உள்ள வந்து நோயாளிக்கு ரத்தம் எடுத்தேன்னு எழுதிக் குடுப்பீங்களா? உங்களுக்குத்தான் சிக்கல். யோசிச்சிக்குங்க" என்றார். மிரட்டவில்லை. பாவம், நிஜமாகவே எனக்காகத்தான் சொன்னார்.

எழுதிக் கொடுத்தேன். எழுத்து கோணல் மாணல். கீழே லேப் டெக்னீஷியன் என்று போட்டேன்.

திரும்பும்போது அண்ணன் வேறு பஸ்ஸில் ஏறினார்.


ஏப்ரல் 24

பொறுப்பு டாக்டர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. "ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை? உன் ஆர்டர நிறுத்தி வச்சிருக்காங்க. முடிவு வர்ற வரைக்கும் நாளையிலேர்ந்து வராதே."

கோட்டைக் கழட்டி மடித்து வைத்தேன். டிராயரைத் திறந்தேன், என் பேனா, சீப்பு எடுக்க. அடியில் அக்காவின் கார்டு. போட்டோவில் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருக்கிறாள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டு என்றால் திருட்டு.

மெயின் கேட் வழியாகவே வெளியே வந்தேன்.


ஏப்ரல் 27

தூங்கித் தூங்கி எழுந்தேன். பாத்திரம் அப்படியே கிடக்கிறது. இவரே உலை வைத்தார்.

சாயங்காலம் பா. அண்ணன் வந்தார். கையில் வாழைப்பழச் சீப்பு. இவர் நாற்காலி போட்டார். நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. வாசலுக்கு வந்த யாரையும் நான் அப்படி விட்டதில்லை.

"பென்ஷன் ஒண்ணுதாம்மா எங்களுக்கு" என்றார்.

"தெரியும்."

"நான் சொன்னது பாதி நெசந்தானே மலரு. ஷூ வாங்கறேன்னுதான சொன்னா?"

"அந்தப் பாதி எதுக்குண்ணே உங்களுக்கு? தெரியாதுன்னு சொல்லியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். அம்மா செத்தது தனக்கு ஷூ வாங்கப் போயின்னு அந்தப் பொண்ணு நெனச்சிக்கினு கெடக்குது. ராத்திரியில எழுந்து உக்காந்துக்குதாம். போயி அவகிட்ட சொல்லுங்க, எங்கிட்ட ஏன் வந்தீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். வழுக்கையில் வேர்வை. இவ்வளவு வயசாகிவிட்டதா அண்ணனுக்கு என்று இருந்தது. அக்கா இருந்தால் இந்நேரம் ஏதாவது சொல்லி ரெண்டு பேரையும் சிரிக்க வைத்திருப்பாள். இவர்தான் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

எனக்கு அவர் மேல் கோபம் தீரவில்லை. ஆனால் அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கென்று தெரியவில்லை.

பழம் தொடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.


மே 2

கரண்ட் கட். புழுக்கம்.

ஜென்சியை வீட்டுக்குக் கூட்டிவந்து தலைக்கு எண்ணெய் வைத்தேன். ஷூ பேச்சை நானே எடுத்தேன். உன் அம்மா எனக்குத் தெரிந்து உருப்படியாகச் சொந்த வேலை பார்த்த நாளே கிடையாது, பல்லு வலிக்குக்கூட டாக்டரிடம் போகாமல் சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்தவள் என்றேன். அவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாள். அப்புறம், "அத்தை, உங்க வேலை என்னால போச்சா?" என்றாள். இதையும் தன் மேல் போட்டுக்கொள்கிறாள். வாயை மூடுடி என்று அதட்டிவிட்டு அடுப்படியில் போய் அழுதேன்.


மே 8

முடிவு வந்துவிட்டது. கிளார்க் போனில் படித்துக் காட்டினார். மேற்படி நாளில் அன்னார் பணியில் இல்லை. சொந்த வேலையாகச் சென்றபோது இயற்கையாக இறந்தது தெரியவருகிறது. நிதிக்கு வழியில்லை.

என் விஷயம் இன்னும் பார்க்கிறார்களாம்.

அக்கா இடத்துக்கு ஆள் எடுக்க போர்டில் ஒட்டியாகிவிட்டது. அனுபவம் விரும்பத்தக்கது என்று போட்டிருக்கிறதாம். என்ன வாய் இவர்களுக்கு!

ஜென்சியிடம் போனில் சொல்ல மனசு வரவில்லை. நடந்தே போனேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததுமே, "சரி அத்தை, வுடுங்க" என்றாள். பிறகு எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். நானும் சொல்லாமல் குடித்தேன்.


மே 10

நாற்பதாம் நாள். காலையிலேயே கடலூர்.
வாங்க வேண்டியது: மெழுகுவத்தி, மல்லிகை, தீப்பெட்டி, வெள்ளை ஷூ சைஸ் ஆறு.

நாலும் வாங்கினேன். ஷூவை ஜென்சி வாங்கமாட்டாளோ என்று பயம். பையைப் பிரித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தாள். அப்புறம் செருப்பைக் கழட்டிவிட்டுப் போட்டுக்கொண்டாள். "டைட்டா இல்லையே?" "இல்ல அத்தை." அவ்வளவுதான் பேச்சு.

சர்ச்சில் பூசை முடிந்து முதுநகர் கல்லறைத் தோட்டம். உப்புக் காற்று, மெழுகுவத்தி நிற்கவில்லை. என் முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டேன். புதுச் சிலுவை நட்டிருக்கிறார்கள். பெயர், பிறப்பு, இறப்பு. அதற்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்று பெயிண்டர் கேட்டாராம், ஜென்சி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்: லேப் டெக்னீஷியன், அரசு ஆஸ்பத்திரி. முன்னால் காண்ட்ராக்ட் என்று இல்லை. நான் அக்காவின் கார்டைப் பையிலிருந்து எடுத்து சிலுவையில் மாட்டினேன். ஜென்சி அதை நேராக்கிவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நாற்பது நாளும் அடக்கி வைத்திருந்தாள் போல. பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

அந்த நேரம் பார்த்து என் போன். பொறுப்பு டாக்டர்.

"மலரு, இன்னைக்கி காய்ச்சல் கேஸ் வரிசை கேட் வரைக்கும் நிக்குது. பாஸ்கர் ஒருத்தரா திண்டாடறாரு. ஆர்டர் எல்லாம் நான் பேசிக்கறேன். மெஷின்ல முகம் காட்ட வேணாம், சைக்கிள் ஸ்டாண்டு பக்கமா வந்துட்டுப் போயிடேம்மா. எங்க இருக்க?"

"கடலூர்ல சார்."

"கடலூர்லயா? அங்க இன்னா?"

ஜென்சி முந்தானையால் அம்மா பெயரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொந்த வேலையா வந்தேன் சார்" என்றேன்.